புதுப்பித்த பழைய ஜீப்பை ஓட்டிப் பார்ப்பது எப்படி: வேலூர்ச் சாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பழைய ஜீப்பைப் புதுப்பித்து விற்பவரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டைச் சுற்றி வந்து பார்க்கிறார்கள், சீட் தையலைத் தடவிப் பார்க்கிறார்கள், தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிட ஓட்டத்தில் எந்த ஜீப்பும் நன்றாகத்தான் ஓடும். ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்துபோன கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), சூடானதும் இறங்கும் ஆயில் அழுத்தம், தானாகக் கழன்றுகொள்ளும் இரண்டாம் கியர் எல்லாம் ஒரு மணி நேரம் ஓடிய பிறகே தலைகாட்டும். ஆகவே வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்க்கத் தொடங்கி, முழுச் சூட்டில் ஓட்டி, நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்க்கும் வரை ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது. அதற்கு அரை நாள் வேண்டும். அரை நாள் தர மறுப்பவரின் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. நெரிசலான ஊர்ச் சாலை, தேசிய நெடுஞ்சாலை 48, குண்டும் குழியுமான கிராமப் பாதை, ஜவ்வாது மலையடிவாரம் என்று நான்கு விதமான சோதனைக் களமும் ஒரே காலைப்பொழுதில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் வெயிலும் வாங்குபவரின் பக்கம்தான் நிற்கிறது. மார்கழிக் குளிரில் சமாளித்துவிடும் ரேடியேட்டர், அக்னி நட்சத்திரத்தில் சமாளிக்காது. முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டிப் பாருங்கள்.

எந்த வண்டி என்பதில் தெளிவு வேண்டும்

நம் பக்கம் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் மஹிந்திரா ஜீப்புகள். மஹிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகளைப் பாகங்களிலிருந்து பூட்டத் தொடங்கியது. பிறகு உயரமான பானட் கொண்ட சி.ஜே. 3பி வகையை உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. அதன் வழியில் வந்தவைதான் பின்னாளைய சி.ஜே. 500டி, எம்.எம். 540, எம்.எம். 550 எல்லாம். இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஆகியவை அரிது. ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா எப்போதாவது கண்ணில் படும். நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் தயாரான வண்டி அது. 3,956 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் என்பதால் எரிபொருள் செலவைத் தாங்குவோமா என்று யோசித்துக்கொண்டு போக வேண்டும். 1985-இல் வந்த மாருதி ஜிப்சியின் முதல் வண்டிகளும் இப்போது பழைய வண்டிக் கணக்கில் சேர்ந்துவிட்டன.

இதில் ஓர் எச்சரிக்கை. சி.ஜே. 3பி வண்டியின் பாடியை மாற்றி, ஆலிவ் பச்சை அடித்து, நட்சத்திரம் வரைந்து, போர்க் கால ஜீப் என்று விலை சொல்வது பல ஊர்களிலும் நடக்கிறது. முன் கிரில்லைப் பாருங்கள். தகட்டில் அடித்த போர்க் கால கிரில்லில் ஒன்பது திறப்புகள் இருக்கும். போருக்குப் பிந்தைய சி.ஜே. வகைகளில் ஏழு. கிரில்லையும் மாற்றிவிட முடியும் என்பதால் இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். சி.ஜே. 3பி தன்னளவிலேயே அருமையான வண்டி. அதை அதன் பெயரிலேயே, அதற்குரிய விலைக்கு வாங்குங்கள்.

சாவிக்கு முன் ஆர்.சி.

பதிவுச் சான்று (ஆர்.சி.), இன்ஷூரன்ஸ், மாசுச் சான்று மூன்றும் செல்லுபடியாகாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள். விபத்து நடந்தால் ஓட்டியவர் நீங்கள்தான். தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் படியுங்கள்.

சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பட்டியோ (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று இருந்து, பானட்டுக்குள் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தால், அந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெட்ரோல் ஜீப்புக்குள் டீசல் இன்ஜின் வைப்பது ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நடந்த வேலை. பதியாமல் விட்டவர்களே அதிகம், அந்தச் சுமை இப்போது வாங்குபவர் தலையில் விழுகிறது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவது பற்றி 2019-இல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனி விதிகள் வந்தன. மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், அதன் பின் புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் வரலாம். தினமும் காட்பாடிக்குப் போய்வர ஜீப் தேடுகிறவருக்கு இது உதவாது. எந்த வகையில் பதிந்திருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முந்தைய நாள் சொல்ல வேண்டியது

விற்பவரிடம் போனில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணே, நான் வந்து சேரும் வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்." போனதும் பானட்டின் மேலும் ரேடியேட்டர் மேலும் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டியை முன்கூட்டியே எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், துணியில் சுற்றிய காந்தம், அட்டைப்பெட்டியைப் பிரித்த பெரிய அட்டை, பழைய சட்டை, ஜாக்கி. கூடவே ஒரு நண்பர். நீங்கள் ஓட்டும்போது வெளியே நின்று சக்கரத்தையும் புகையையும் பார்க்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

முன்னாள் ராணுவ ஓட்டுநர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவரை அழைத்துப் போவது இன்னும் நல்லது. நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. கணியம்பாடிப் பகுதியில் வீட்டுக்கு வீடு படைவீரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கிறது. ஜோங்காவையும் ஜீப்பையும் எல்லைப் பகுதி மலைகளில் ஓட்டியவர்களின் காது, எந்தக் கருவியும் சொல்லாததைச் சொல்லும். அப்படிப்பட்ட ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: "தம்பி, கிளப்புவதற்கு முன்னால் கீழே படுத்துப் பார். ஓட்டி முடித்ததும் மறுபடி படுத்துப் பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி."

படி 1: அடியில் படுத்துப் பார்ப்பது

அட்டையை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது சேசிஸ் சட்டம். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களிலும், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களிலும் துரு உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கும். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தாலும் ஸ்பேனரால் தட்டினால் ஓசை மாறும். ஆரோக்கியமான இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். பாடியில் காந்தத்தை நகர்த்திப் போங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. சிறிய இடமாக இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். சக்கர வளைவு முழுக்கப் பட்டி என்றால் விலை பேசும்போது சொல்லுங்கள்.

அடுத்து முன் ஆக்சில். மஹிந்திரா ஜீப்புகளில் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமலே விற்றவை ஏராளம். ஆக்சிலில் உருண்டையான டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி) ஹவுசிங் இருக்கிறதா, அதிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் பெட்டி) புரொப்பெல்லர் ஷாஃப்ட் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே லீவர் இருந்து கீழே ஷாஃப்ட் இல்லாத வண்டிகளும் உண்டு.

முன் சக்கரத்தின் உள்பக்கம், ஆக்சில் முடியும் இடத்தில், இரும்புப் பந்து ஒன்று பளபளவென்று தெரியும். ஸ்டியரிங் திரும்பும்போது அந்தப் பந்தின் மேல்தான் ஹவுசிங் திரும்புகிறது. அதன் மேற்பரப்பு வழுவழுப்பாக, மெல்லிய கிரீஸ் பூச்சோடு இருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள். குழிகுழியாகத் துரு அரித்திருந்தால் எத்தனை முறை சீல் மாற்றினாலும் கிரீஸ் வழிந்துகொண்டேதான் இருக்கும். பெயிண்ட் அடித்து மறைக்க முடியாத இடம் என்பதால், புதுப்பித்தவர் எவ்வளவு பொறுப்போடு வேலை செய்தார் என்பதை இந்த ஓரிடத்திலேயே பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம்.

ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் முன் சக்கரங்களை இணைக்கும் டை ராட் கம்பியின் முனைகளைச் சந்தேகப்படுங்கள். இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் இதன் பலன் தெரியும்.

படி 2: குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவது

ரேடியேட்டர் மூடியைத் திறக்க இதுதான் தருணம். சூடான பிறகு திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் அளவுக் குச்சியில் பால் கலந்த காப்பி நிறம் ஒட்டியிருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். மேற்கொண்டு ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

பெட்ரோல் வண்டியில் சோக்கை இழுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். மிகப் பழைய ஜீப்புகளில் செல்ஃப் சுவிட்ச் காலால் மிதிப்பது. பெடல்களின் அருகே தரையில் சிறிய பொத்தானாக இருக்கும். ஆறு வோல்ட் மின்சாரம் என்றால் செல்ஃப் மெதுவாகச் சுழல்வது இயல்பு. அதைக் குறையாக எண்ண வேண்டாம். சில சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். சோக்கைத் தள்ளிய பிறகும் ஐடிலில் நிற்க வேண்டும்.

டீசலில் ஹீட்டர் பிளக் சூடாகும் நேரம் கொடுத்துவிட்டுக் கிளப்புங்கள். முதலில் கொஞ்சம் வெண்புகை வரலாம். சில நிமிடங்களில் அது மறையாவிட்டால் நாசிலோ கம்ப்ரஷனோ சரியில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று பலமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

வில்லிஸ், மஹிந்திராவின் பழைய வகைகளில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். உட்கார்ந்ததும் பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியம் வேண்டாம். இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃபிரத்தையும் அது கெடுத்துவிடும். புதுப்பிக்கும்போது எரிபொருள் ஹோஸ் அனைத்தையும் மாற்றினீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

படி 3: வாசலை விட்டு நகரும் முன்

பிரேக் பெடலை ஒரே அழுத்தமாக மிதித்து அரை நிமிடம் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் விடுகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பெடல் மேலே வருகிறது என்றால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் ஷூ சரியாக அமையவில்லை. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஓரிடத்தில் குழாய் விட்டாலும் நான்கும் போய்விடும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும் வகை. ஓடும் வண்டியில் அதை இழுக்கக் கூடாது. நின்ற வண்டியைப் பிடித்துவைக்க மட்டும்.

ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்து, சக்கரம் அசையத் தொடங்கும் வரை எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று விரல் அகலம் இந்த வயதுக்குச் சரி. ஒரு சாண் என்றால் சரியில்லை.

படி 4: ஊருக்குள்

கிரீன் சர்க்கிள் பக்கமும் காட்பாடி சாலையும் நெரிசலாக இருக்கும் நேரமே இதற்குப் பொருத்தம். நின்று நின்று போகும்போதுதான் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது. ஃபேன் மட்டுமே காப்பாற்ற வேண்டும். வெப்பமானியின் முள் ஏறுவது இயல்பு. ஏறியது ஓரிடத்தில் நிலைக்கிறதா, சிக்னல் தாண்டிக் கொஞ்சம் ஓடியதும் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். முள் அசையவே இல்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். மீட்டர் வேலை செய்யவில்லை.

கியர் பழகுவதற்கும் இந்த மெதுவான ஓட்டம்தான் ஏற்றது. வில்லிஸ் வகை மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே அதில் போட வேண்டும். ஓடும்போதே போட வேண்டுமானால் இரட்டைக் கிளட்ச்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள், மறுபடி மிதித்துக் கியரைப் போடுங்கள். இது தெரியாமல் பற்கள் அரைக்கும் ஓசை கேட்டு, கியர் பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அதே சமயம் இரண்டாம், மூன்றாம் கியரில் அந்த ஓசை வந்தால் அது குறைதான்.

படி 5: நெடுஞ்சாலையும் நடுங்கும் ஸ்டியரிங்கும்

நெடுஞ்சாலை 48-இன் சர்வீஸ் சாலையில் தொடங்குங்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்து பிரேக் அடியுங்கள். டிரம் பிரேக் ஜீப் சற்றே ஒரு பக்கம் இழுப்பது உண்டு. அடுத்த தடத்துக்குத் தாவுமளவு இழுத்தால் ஒரு சக்கரத்தின் சிலிண்டர் இறுகியிருக்கிறது, அல்லது ஷூவில் ஆக்சில் ஆயில் படிந்திருக்கிறது.

பிறகு ஐம்பதிலிருந்து அறுபதுக்கு மெல்ல ஏற்றுங்கள். இந்த வேகத்தில் சிறிய மேட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கி நிற்காமல் போகலாம். முழு ஆக்சில் ஜீப்புகளின் பழைய நோய் இது. கிங் பின், டை ராட் முனை, ஸ்டியரிங் பெல் கிராங்க், வீல் பேரிங் ஆகியவற்றில் உள்ள சிறு சிறு ஆட்டங்கள் ஒன்றுசேர்ந்து அதிர்வாக மாறிவிடுகின்றன. முதல் முறை அனுபவிக்கிறவருக்கு வண்டி உடைந்து சிதறப் போகிறது என்றே தோன்றும். ஓங்கி பிரேக் அடிக்காதீர்கள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைத் தானாகக் குறைய விடுங்கள். முப்பதுக்குக் கீழே வந்ததும் நின்றுவிடும். டயர் பேலன்ஸ் செய்தால் போய்விடும் என்று விற்பவர் சொன்னால், செய்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். படி 1-இல் ஆட்டம் கண்டிருந்தால் பேலன்ஸால் தீராது.

நிதானமாக ஓடும் இந்த நேரத்தில் ஆயில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லிஸ் வகை இன்ஜினில் ஓடும்போது 30 முதல் 40 பவுண்டு (பி.எஸ்.ஐ.) காட்டினால் நிம்மதி. முழுச் சூட்டில் ஐடிலில் 10 பவுண்டு அளவிலாவது நிற்க வேண்டும். எழுபது, எண்பது என்று விரட்ட வேண்டாம். அதற்காகப் பிறந்த வண்டி அல்ல இது.

படி 6: மண்ணில் இறக்குவது

தார்ச் சாலையில் ஃபோர் வீல் போடவே கூடாது. இந்த ஜீப்புகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் போகின்றன. அந்த வித்தியாசம் வழுக்கிப் போக இடமில்லாத தாரில் ஷாஃப்டை முறுக்கிக்கொண்டே வரும். லீவர் வெளியே வராமல் இறுகிவிடும், கிராஸ் ஜாயின்ட் உடையும். வாசலிலேயே ஃபோர் வீல் போட்டுக் காட்டுகிறேன் என்பவரைத் தடுத்துவிடுங்கள்.

எங்கே இறக்குவது? பாலாற்றில் வேண்டாம். வறண்டு கிடப்பதால் திறந்த மைதானமாகத் தோன்றும். ஆனால் ஊர்களுக்குக் குடிநீர் தரும் கிணறுகளும் குழாய்களும் அந்த மணலுக்குள்தான் இருக்கின்றன. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே மூடி உள்ளே இளகிக் கிடக்கும். அமிர்தி பக்கத்துக் காப்புக்காட்டிலும் சாலையை விட்டு இறங்கக் கூடாது. அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், காட்டுக்கும் கேடு. அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் தெரிந்தவரின் தோப்போ உழுத நிலமோ இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிறு ஏற்றமும் ஐம்பது அடி இளகிய மண்ணும் போதும்.

வில்லிஸ் வகையில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய லீவர்கள். ஒன்று முன் ஆக்சிலை இணைக்கிறது. மற்றொன்று வேகத்துக்கான ஹை, இழுவைக்கான லோ என மாற்றுகிறது. முதலில் முன் ஆக்சிலை இணைத்த பிறகே லோ போட முடியும். அப்படித்தான் உள்ளே பூட்டு வைத்திருக்கிறார்கள். ஜிப்சியில் ஒரே லீவர். எதுவானாலும் வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, லோ போடுங்கள். முன் சக்கரங்களை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப் மாட்டியிருந்தால் இறங்கிப் போய் இரண்டையும் பூட்ட மறக்காதீர்கள்.

ஓட்டத் தொடங்கும் முன் கையைச் சரிசெய்துகொள்ளுங்கள். கட்டைவிரல்களை ஸ்டியரிங் வளையத்துக்குள் வளைத்துப் பிடிக்காமல், வளையத்தின் மேலேயே நீட்டி வையுங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. முன் சக்கரம் கல்லில் மோதித் திரும்பினால் ஸ்டியரிங் கம்பி சரேலென்று சுழன்று கட்டைவிரலைப் பெயர்த்துவிடும்.

முதல் கியர், லோ. கிளட்சை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டியை ஊர விடுங்கள். நடந்து வருகிறவர் முந்திப் போகும் வேகத்தில், சீராக, இன்ஜின் தடுமாறாமல் அது ஊர வேண்டும். நண்பர் பக்கவாட்டில் நின்று முன் சக்கரங்களும் மண்ணைத் தள்ளுகின்றனவா என்று பார்க்கட்டும். மேட்டில் ஏறும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் தானாகக் கழன்றால் உள்ளே வேலை இருக்கிறது. மெல்லிய ஊளைச் சத்தம் இயல்பு. இந்தப் பெட்டிகள் ஒருபோதும் அமைதியாக இருந்ததில்லை. கடகடவென்ற தட்டல் இயல்பல்ல.

எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டு தரையை விட்டுத் தூக்கிக்கொண்டால் அவை மட்டும் சுழன்று வண்டி நின்றுவிடும். இது கோளாறு இல்லை. டிஃபரன்ஷியல் பூட்டு இல்லாத எல்லா ஜீப்பும் அப்படித்தான். வரப்பு, கரை போன்ற சரிவுகளில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். குறுக்காக ஓட்டினால் குட்டையான ஜீப் கவிழ்ந்துவிடும், அதிலும் மேலே கூரை இல்லை.

படி 7: மலை ஏறி இறங்குவது

திருப்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வேலூர்க்காரர்கள் ஒடுகத்தூர் பக்கத்து ஜவ்வாது மலைச் சாலையில் கொஞ்ச தூரம் ஏறினாலே போதும். ஏறும்போது கவனிக்க வேண்டியது வெப்பமும் பிக்கப்பும். இறங்கும்போதுதான் பல ரகசியங்கள் வெளிவரும். இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு இறங்குங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் அந்தப் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். பழைய மூன்று கியர் ஜீப்புகளில் அடிக்கடி காணும் குறை இது. மலையில் உயிருக்கே ஆபத்து. கைகாவலாக லீவரைப் பிடித்துக்கொண்டே இறங்கச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

நீண்ட இறக்கத்தின் முடிவில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது நண்பர் பின்னால் பார்க்கட்டும். ஒரு கொத்து நீலப் புகை வந்தால் வால்வு கைடு அல்லது ரிங். தொடர்ந்து கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம் போகிறது, சரிசெய்துவிடலாம்.

படி 8: வெந்த இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்புவது

இதைத்தான் யாரும் செய்வதில்லை. உச்சி வெயிலில், நிழல் இல்லாத இடத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஓடும்போது இருந்த காற்றும் தண்ணீர்ச் சுழற்சியும் நின்றுவிடுவதால், இந்த நேரத்தில் பானட்டுக்குள் வெப்பம் இன்னும் ஏறும். பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். வந்து செல்ஃப் அடித்தால் குறையுள்ள வண்டி கிளம்பாது, அல்லது கிளம்பி நூறடியில் நின்றுவிடும். எரிபொருள் குழாயை சைலன்சருக்கு நெருக்கமாகக் கொண்டுபோயிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவே காரணம் என்றால் எளிதில் தீரும். செல்ஃபே முனகிக்கொண்டு சுழலவில்லை என்றால் மோட்டாரோ பேட்டரி கேபிளோ வெப்பத்தில் தளர்கிறது.

வேலூரில் ஜீப் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இந்த எட்டாம் படியே மற்ற ஏழையும்விட முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். மே மாதத்தில் பள்ளிகொண்டா சுங்கச் சாவடியில் நின்றுவிடும் ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழ முடியாது.

திரும்பிய பிறகும், மறுநாளும்

வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்றைவிட ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. அதே அட்டையை அடியில் விரித்து வைத்து, இரவு முழுக்க அப்படியே விட அனுமதி கேளுங்கள். மறுபடி கீழே படுத்து, காலையில் பார்த்த ஒவ்வொரு இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மறுநாள் காலை அட்டையில் விழுந்த சொட்டுகளைப் படிக்கலாம். கறுப்பு இன்ஜின் ஆயில். கெட்டியாக, நாற்றத்தோடு இருப்பது கியர் ஆயில். சக்கரத்துக்கு உள்பக்கம் தெளிவாக வழுவழுப்பது பிரேக் ஆயில். பச்சையோ சிவப்போ தண்ணீர்த்தன்மையோடு இருந்தால் கூலன்ட். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து நாலு சொட்டு இந்த வயது ஜீப்புக்கு மன்னிக்கத்தக்கது. பிரேக் ஆயில் ஒரு சொட்டும் மன்னிக்கத்தக்கதல்ல. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நேற்றுப் பார்த்த அளவிலேயே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். வெளியே ஒழுகாமல் அளவு மட்டும் குறைந்திருந்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறது.

விலை பேசுவது இதற்குப் பிறகுதான். குறித்த குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டியரிங், சேசிஸ் சட்டம் ஆகியவற்றில் உள்ளவற்றை விற்பவரே சரிசெய்து, நீங்கள் மறுபடி ஓட்டிப் பார்த்த பின்பே பணம். சீல், ஹோஸ், கார்புரேட்டர், வயரிங் போன்றவற்றின் செலவை உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் அன்றே கையெழுத்து வாங்குங்கள். வேறு மாநிலத்து வண்டி என்றால் 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்றும் வேண்டும். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வாங்கிய 30 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள்.